ஒரே ஓட்டுச்சீட்டில் இரண்டு கட்சி

கேள்வி: 2022 நவம்பரில் நடந்த அமெரிக்க இடைக்காலத் தேர்தலில், விலைவாசி அப்படி ஏறியிருந்தும் பைடன் கட்சி பெரிதாக அடி வாங்கவில்லையே? அந்த ஊர் ஜனங்களுக்கு யோசிக்கவே தெரியாதா, இல்லை எண்ணிக்கையில் தில்லுமுல்லா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டும் இல்லை. நமக்குப் பிடிக்காத முடிவு வந்தால் உடனே ஓட்டுப் போட்டவனைத் திட்டுவது எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இடைக்காலத் தேர்தல் என்பது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பது. அதில் பைடன் கட்சி அடியே வாங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரதிநிதிகள் சபை 222-213 என்று டிரம்பின் குடியரசுக் கட்சியிடம் போய்விட்டது, நாடு முழுக்க அந்தச் சபைக்கு விழுந்த ஓட்டுகளைக் கூட்டினாலும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் 2010ல் ஒபாமா கட்சி 63 இடங்களையும், 2018ல் டிரம்ப் கட்சி 40 இடங்களையும் பறிகொடுத்ததோடு ஒப்பிட்டால் பைடனுக்குப் போனது 9 இடம்தான், இன்னொரு சபையான செனட்டும் கையில் நின்றது. அதனால்தான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

விலைவாசியை மக்கள் மறக்கவில்லை. அந்த வருஷம் ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது 31 சதவீதம் பேர் பணவீக்கத்தைத்தான் முதலில் சொன்னார்கள். அடுத்து 27 சதவீதம் பேர் சொன்னது கருக்கலைப்பு. அதே ஜூன் மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம், 1973லிருந்து இருந்துவந்த கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. அந்த உரிமை வேண்டும் என்று நின்றது பைடன் கட்சி. தன் உடம்பைப் பற்றிய முடிவை இனி மாநில அரசு எடுக்கும் என்று கேட்ட ஒரு பெண், கோபத்தில் ஓட்டுச்சாவடிக்குப் போனால் அது யோசிக்காமல் போட்ட ஓட்டா? கென்டக்கி டிரம்பின் கோட்டை, அன்றைக்கும் குடியரசுக் கட்சியின் ராண்ட் பாலைத்தான் செனட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதே நாளில், மாநில அரசியல் சாசனத்தில் கருக்கலைப்பு உரிமை கிடையாது என்று எழுதலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுபக்கம் நியூயார்க்கைப் பாருங்கள். அங்கே அந்த உரிமைக்கு மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது, அந்தப் பயம் குறைவு. அங்கே பேச்செல்லாம் குற்றங்களைப் பற்றியும் செலவைப் பற்றியும்தான், பைடன் கட்சி கையிலிருந்த 4 தொகுதிகள் எதிர்க்கட்சிக்குப் போயின. அந்தக் கட்சியின் சபைத் தேர்தல் வேலையைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்த ஷான் பேட்ரிக் மலோனியே தோற்றுப்போனார். அவரவர் ஊரில் எது சுடுகிறதோ அதைப் பார்த்துத்தான் மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சரி, தில்லுமுல்லு. இந்தச் சந்தேகத்தை 2020லிருந்தே சிலர் விடாமல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு இதில்தான் நிஜமான வருத்தம். ஜார்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் பதவிக்கு பிரையன் கெம்ப், செனட்டுக்கு ஹெர்ஷல் வாக்கர், இரண்டு பேரும் குடியரசுக் கட்சி. கெம்ப், 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி டிரம்ப் நெருக்கியபோது மறுத்தவர். வாக்கர் அரசியல் அனுபவமே இல்லாத முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், டிரம்ப் கை காட்டிய ஆள். கெம்புக்கு 21 லட்சம் ஓட்டு, வாக்கருக்கு அதைவிட 2 லட்சம் குறைவு. அதாவது ஒரே ஓட்டுச்சீட்டில் கெம்புக்குப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் வாக்கர் வேண்டாம் என்று தாண்டிப்போனவர்கள் குறைந்தது அத்தனை பேர். செனட் போட்டியில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் டிசம்பர் 6ல் மறுபடி நடந்த ஓட்டெடுப்பில், பைடன் கட்சியின் ரஃபேல் வார்னாக் சுமார் 1 லட்சம் ஓட்டில் ஜெயித்தார்.

எண்ணிக்கையில் திருடியிருந்தால், நவம்பரில் அதே ஓட்டுச்சீட்டுகளை அதே ஆட்கள் எண்ணி, கெம்பை மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் ஓட்டில் ஜெயிக்க எதற்காக விட வேண்டும்?