மூன்று கேன் எங்கே போயின?

ராணிப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: “தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேதிப்பொருள் விற்கும் சிறு கிடங்கு நடத்துகிறோம். கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம், சோடியம் சல்பைடு எல்லாம் இருப்பில் உண்டு. ஆய்வுக்கு வந்த அதிகாரி, அபாயப் பலகையை வாசலில் மாட்டச் சொல்கிறார். காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்துக்காரரோ, பலகை மாட்டினால் திருட வருபவனுக்கு நாமே வழிகாட்டியது போலாகும், பின்கதவையும் பூட்டி வையுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?”

பலகையை மாட்டுங்கள். பின்கதவைப் பூட்டாதீர்கள். ஆனால் காவல் நிறுவனத்துக்காரரின் கவலையைத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் தவறான இடத்தில் பூட்டுப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கை தவறி நடப்பதைத் தடுப்பதும் பாதுகாப்பு, வேண்டுமென்றே செய்வதைத் தடுப்பதும் பாதுகாப்பு. சட்டங்களும் அலுவலகங்களும்தான் அதைப் பிரித்து, ஒன்றைத் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் மற்றொன்றைக் காவல் நிலையத்திடமும் கொடுத்துவிட்டன. கிடங்கில் இருக்கும் கேனுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு கிடங்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். இருப்புப் பதிவேட்டில் கந்தக அமிலம் 42 கேன். எண்ணினால் 39. “ஆவியாகியிருக்கும்” என்றார் பொறுப்பாளர். கந்தக அமிலம் அப்படி ஆவியாகாது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அளவு கூடத்தான் செய்யும். அரை நாள் தேடினோம். இரண்டு கேன்கள் சோடியம் சல்பைடு மூட்டைகளுக்குப் பின்னால் கிடைத்தன. ஒன்றின் மூடி தளர்ந்து, கீழே சிமெண்டுத் தரை வெளுத்துப் பொரிந்திருந்தது. அந்த அமிலம் இன்னும் ஒரு முழம் ஓடி மூட்டையைத் தொட்டிருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியிருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கப்புறம் சில மூச்சுகள்தான். மூன்றாவது கேன் கடைசிவரை கிடைக்கவில்லை.

அது யார் கைக்குப் போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. காரைக்காலில் 2012-இல் அமில வீச்சுக்கு ஆளான இளம்பெண் மூன்று மாதம் போராடி இறந்ததைப் படித்தவன் என்பதால், காணாமல் போன அமிலக் கேனை வெறும் இருப்புக் குறைவு என்று எழுத என்னால் முடிவதில்லை.

அந்த மூன்று கேன்களில் இரண்டு விபத்துக் கணக்கு, ஒன்று களவுக் கணக்கு. இரண்டையும் வெளிக்கொண்டு வந்தது ஒரே எண்ணிக்கை. எனவே உங்கள் முதல் வேலை பலகையும் அல்ல, பூட்டும் அல்ல, பதிவேடு. வாரம் ஒருமுறை, விற்பனையைப் பார்ப்பவர் ஒருவரும் கிடங்கைப் பார்ப்பவர் ஒருவருமாக இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். குறைந்தால் அன்றைக்கே தேட வேண்டும். சில்லறையில் ஒரு கேன் கேட்டு வருபவருக்கு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் வகுத்த நடைமுறை இருக்கிறது: புகைப்பட அடையாள அட்டை, முகவரி, என்ன தேவைக்கு என்ற காரணம், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக் கூடாது, விற்ற விவரம் மூன்று நாளுக்குள் காவல்துறைக்குப் போக வேண்டும். பில் வேண்டாம் என்பவர், எதற்கு என்று கேட்டால் மழுப்புபவர், தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த செறிவு அளவுகூடத் தெரியாதவர் வந்தால் விற்காதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெடிபொருள் தயாரிக்க உதவக்கூடிய வேதிப்பொருள்களில் இப்படிச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 முதல் சட்டம்.

இனி பலகை. என்ன ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். எவ்வளவு இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது, சரக்கு என்றைக்கு வருகிறது, சாவி யாரிடம் என்பவை தேவைப்படுவோருக்கு மட்டும். வாசல் பலகையில் அரிக்கும் பொருள் என்ற சின்னமும் அவசரத் தொலைபேசி எண்ணும் போதும். கிடங்கின் வரைபடம், இருப்புப் பட்டியல், ஒவ்வொரு பொருளின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஆகியவற்றைத் தீயணைப்பு நிலையத்திலும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொரு பிரதியை வாசல் காவலாளியின் அறையில் பூட்டிய பெட்டியில் வையுங்கள். தீயணைப்பு வண்டி வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து கொடுக்கக் காவலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே வேண்டாம். உள்ளிருந்து இடுப்பால் தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பி போடுங்கள். வெளியிலிருந்து திருடனுக்குச் சுவர், உள்ளிருப்பவருக்கு வாசல். திறந்தால் மணி அடிக்கும்படி செய்தால் காவல் நிறுவனத்துக்காரருக்கும் நிம்மதி.

இவ்வளவும் உங்கள் கையில் இருப்பவை. ஆனால் நீங்கள் கேட்ட “யார் சொல்வதை” என்ற கேள்வி உங்கள் கிடங்கோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில், 2013 ஏப்ரல் 17 அன்று உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தது. அங்கே உரமாகவும் வெடிபொருளாகவும் பயன்படக்கூடிய அம்மோனியம் நைட்ரேட் 270 டன் இருப்பதாக மாநில அலுவலகம் ஒன்றுக்கு விவரம் போயிருந்தது. அதைக் கண்காணிக்க வேண்டிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கப்படவில்லை. இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் ஓடியவர்கள்.

நம் மணலியில் நடந்தது இதற்கு நேர்மாறு. உரிய உரிமம் இல்லாமல் இறக்குமதியானது என்று 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன், குடியிருப்புகளுக்கு அருகே ஐந்து ஆண்டுகள் கிடந்தது. காவல் என்ற வகையில் அது வெற்றிகரமான பறிமுதல்தான். ஆனால் பிடித்த சரக்கே ஊருக்கு ஆபத்தாக உட்கார்ந்திருப்பது 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் 2,750 டன் வெடித்த பிறகுதான் உறைத்தது. உறைத்த ஒரு வாரத்துக்குள் கண்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. ஒரு வாரத்தில் முடிகிற வேலை ஐந்து ஆண்டுகள் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லை தாண்டினால் இன்னும் சிக்கல். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் அதிலிருந்த 25 டன் நைட்ரிக் அமிலத்தில் கசிவு தெரிந்தபோது, கசியும் கண்டெய்னரை இறக்கிக்கொள்ளக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்தைக் கேட்டார்கள், பிறகு குஜராத்தின் ஹசிராவைக் கேட்டார்கள். கையாளும் வசதி இல்லை என்று இரண்டு இடத்திலும் இறக்கவில்லை. கசிந்துகொண்டே கொழும்புக்கு வெளியே வந்து நின்றது. மே 20-இல் தீப்பிடித்தது. இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் உதவிக்கு விரைந்தன. ஆனாலும் ஜூன் தொடக்கத்தில் கப்பல் மூழ்கி, நீர்கொழும்பு மீனவர்களின் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் மூடின. எண்ணெயும் வேதிப்பொருளும் கடலில் கொட்டினால் தெற்காசிய நாடுகள் சேர்ந்து செயல்படும் திட்டத்துக்கு 2018-இலேயே இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. கொட்டிய பிறகு கைகோப்பது நல்லதுதான். கொட்டுவதற்கு முன், கசியும் பெட்டியை எந்தத் துறைமுகம் வாங்கிக்கொள்ளும் என்று அண்டை நாடுகள் பேசி வைத்திருந்தால் நீர்கொழும்பு தப்பியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் மாவட்ட அளவில் அப்படிப் பேசி வைக்க ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. போபாலுக்குப் பிறகு வந்த விதிகளில் ஒன்றான 1996-ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள், ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன. தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு, காவல், சுகாதாரம் ஆகிய துறைகள் அதில் ஒரே மேசையில் உட்கார வேண்டும். உங்களைப் போன்ற சிறு கிடங்கு பெரிய அபாயத் தொழிலகப் பட்டியலில் வராமல் இருக்கலாம். அதற்காக ஒதுங்க வேண்டாம். உங்கள் வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் ஆட்சியருக்கு மனு எழுதி, உங்கள் தெருக் கிடங்குகளையும் அடுத்த ஒத்திகையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியையும் காவல் நிலைய ஆய்வாளரையும் ஒரே நாளில் கிடங்குக்கு அழைத்து, இருவர் முன்னிலும் ஒருமுறை கேன்களை எண்ணிக் காட்டுங்கள்.

தீயணைப்பு நிலைய அலுவலரையும் அன்றைக்கே வண்டியோடு வரச் சொல்லுங்கள். உங்கள் தெருமுனையில் அந்த வண்டி திரும்புகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.