நானே பயன்படுத்திப் பார்த்தேன்

அன்புள்ள அக்கா,

எனக்கு 34 வயது. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறேன். படுக்கையறைச் சாதனங்களைப் பற்றி, அதாவது வைப்ரேட்டர், ஜெல் போன்றவற்றைப் பற்றி, தமிழில் நேர்மையான விமர்சனங்கள் எழுத ஆசை. ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. தமிழில் தேடினால் ஒன்று ஆபாசம், இல்லாவிட்டால் லேகிய விளம்பரம். நான் பயன்படுத்தியதை, எனக்கு எப்படி இருந்ததோ அப்படியே, கூச்சமில்லாமல் எழுதுவேன். கணவருக்குச் சம்மதம். ஆன்லைன் கடை ஒன்று பொருட்களை இலவசமாக அனுப்புகிறேன் என்கிறது. என் குறியீட்டைப் போட்டு யாராவது வாங்கினால் எனக்கு 15 சதவீதமாம். என் கேள்வி இதுதான்: சொந்தப் பெயரில் எழுதுவதா, புனைபெயரிலா? மாமியார் எங்களோடு இருக்கிறார், முகநூலில் ஒன்றையும் விடாமல் படிப்பவர்.

ம.

அன்புள்ள ம.,

புனைபெயரில் எழுதுங்கள். மாமியார் படித்தால் படிக்கட்டும், அவருக்கும் ஏதாவது பயன்படலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு வரி. ‘எனக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுதுவேன்’ என்கிறீர்கள். அவ்வளவு போதும் என்று நினைக்கிறீர்கள். போன வாரம் உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஏதோ வீரியக் கேப்சூல் விளம்பரத்தை அனுப்பியிருந்தார். கீழே இருபது பேர் ‘நான் சாப்பிட்டேன், நல்ல பலன்’ என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து 2008 ஞாபகமாகவே இருக்கிறேன்.

உங்களுக்கு அப்போது சின்ன வயது, தெரிந்திருக்காது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் இங்குள்ள ஐந்து பொது மருத்துவமனைகளுக்கு 150 பேர் ரத்தச் சர்க்கரை பயங்கரமாக இறங்கிய நிலையில் வந்து சேர்ந்தார்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் ஆண்கள். யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. ஏழு பேருக்கு நினைவே திரும்பவில்லை, அவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள். காரணம், கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகள். அவற்றில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. டயோனில் என்ற பெயரில் நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கினார்களே, அதே சர்க்கரை மருந்து. கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர் அளவு தெரியாமல் விழுங்கினால் மூளைக்கு வேண்டிய சர்க்கரைகூட ரத்தத்தில் மிஞ்சாது. வந்தவர்களில் ‘ஆமாம், மாத்திரை சாப்பிட்டேன்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நான் அப்போது ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன், டாக்சி ஓட்டுபவர், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் உளறிக்கொண்டே சரிந்துவிட்டார். ஆம்புலன்சில் அண்ணியோடு நானும் போனேன். என்ன மருந்து எடுத்தார் என்று டாக்டர் கேட்கக் கேட்க, அண்ணி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிற மகன் நின்றிருந்தான். அவன் சித்தப்பாவை அழைத்துவரக் கீழே போன பிறகுதான் அண்ணி தாதியின் கையைப் பிடித்து, அண்ணனின் பர்ஸிலிருந்து எடுத்துவைத்திருந்த மாத்திரை அட்டையைக் காட்டினார். அதுவரை அது அவருடைய கைப்பைக்குள்தான் இருந்தது. அண்ணி மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா, தெரியாது.

அண்ணன் பிழைத்துவிட்டார். அவருக்கு அந்த மாத்திரையைச் சொன்னவர் கோப்பிக்கடை நண்பர் ஒருவர். கேலாங் சந்தில் வாங்கியிருக்கிறார். ‘நானே போட்டேன்யா, ஒன்றும் ஆகவில்லை, பிரமாதம்’ என்றிருக்கிறார். நன்றாகக் கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. அவரும் போட்டார், அவருக்கு வேலை செய்தது. காசு வாங்காமல், கூச்சப்படாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். உங்கள் கணக்குப்படி அவரைவிட நேர்மையான விமர்சகர் கிடையாது! அவருடைய அட்டையில் இருந்ததும் அண்ணனுடைய அட்டையில் இருந்ததும் ஒன்றுதானா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

நான் மாத்திரை பற்றி எழுதப் போவதில்லையே அக்கா என்பீர்கள். சரி, ஜெல்லி மாதிரி வளைகிற மலிவுச் சாதனங்களை எடுத்துக்கொள்வோம். பல பிவிசி பிளாஸ்டிக்கில் செய்தவை. அதை மெத்தென்று ஆக்கத் தாலேட் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பது வழக்கம். குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே சட்டம் போட்டது. குழந்தை வாயில் வைக்கும் என்ற கவலை. பெரியவர்களின் சாதனங்களுக்கென்று உலகத் தரங்களை வகுக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு 3533 என்ற பாதுகாப்புத் தரத்தை வெளியிட்டது 2021இல்தான். அதற்கு முன் எத்தனையோ பெட்டிகளின் அடியில் ‘வேடிக்கைக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள், இப்போதும் சிலர் போடுகிறார்கள். அப்படி ஒரு பொருள் உங்களுக்குப் பிரமாதமாக இருந்திருக்கலாம். அதில் தாலேட் இருக்கிறதா, அதன் நுண்துளைகளில் கிருமி தங்குமா என்பதை உங்கள் உடம்பு உங்களுக்குச் சொல்லாது. ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவீர்கள்.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள். ‘மருத்துவத் தரச் சிலிகான்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறீர்களே, சோதனை அறிக்கை இருக்கிறதா? பதில் வந்தால் போடுங்கள். வராவிட்டால் ‘கேட்டேன், பதில் இல்லை’ என்று போடுங்கள். சிலிகான் சாதனத்தில் சிலிகான் ஜெல் தடவினால் மேற்பரப்பு கெட்டுப்போகலாம் என்று சொல்லுங்கள். கழுவ எவ்வளவு நேரம், எத்தனை மாதத்தில் பேட்டரி செத்தது என்று எழுதுங்கள். அடுத்த அறையில் மாமியார் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் கதவைத் தாண்டி எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று எழுதுங்கள். தோட்டம் வைத்த தனி வீட்டில் இருக்கிற அமெரிக்கக்காரி அதை எழுதப் போவதில்லை. செயலியோடு இணைகிற சாதனம் என்றால் எந்தத் தகவலை எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள். பயன்படுத்துபவர்களின் விவரங்களைச் சேகரித்ததாக வழக்கில் சிக்கிய ஒரு கனடா நிறுவனம் 2017இல் 3.75 மில்லியன் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வரி போதும். அதோடு உங்கள் வயதையும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பால் கொடுக்கும் மாதங்களில் வறட்சி சகஜம், வேறு நிலையில் இருப்பவருக்கு உங்கள் அனுபவம் பொருந்தாது. கூச்சமில்லாமை என்பதைப் பெரிய தகுதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். லேகியம் விற்பவனுக்கும் கூச்சம் கிடையாது.

அந்த 15 சதவீதம் வேண்டாம். ஏம்மா, இதைக்கூடவா கேட்க வேண்டும்? காசு வாங்கியதைச் சொல்லிவிட்டால் போதுமே என்பீர்கள். சமூக ஊடக விளம்பரங்களில் அதைச் சொல்ல வேண்டும் என்று இங்குள்ள விளம்பரத் தர ஆணையம் 2016இலேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். ஆனால் ‘இதை வாங்காதீர்கள்’ என்று எழுதினால் உங்களுக்குச் சல்லிக்காசு வராது, ‘பரவாயில்லை’ என்று எழுதினால் வரும். முதலில் மனசு இடம் கொடுக்காது, பிறகு பழகிவிடும். சொந்தக் காசில் வாங்குங்கள், மாதம் ஒன்று போதும், ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள். மற்ற படங்களைப் போடுவதற்கு முன் சட்டம் தெரிந்த யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர் அதில் கறார்.

முதல் கட்டுரை ஜெல்லைப் பற்றி இருக்கட்டும், வைப்ரேட்டர் அப்புறம். கிளினிக் கவுண்டருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய நம் பெண்கள் வந்து ‘எரிச்சலுக்கு ஏதாவது கிரீம் இருக்கா’ என்று மட்டும் கேட்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி அது. டாக்டரிடம் பேச மகளைக் கூட்டி வந்திருப்பார்கள், அந்த மகள் முன்னால்தான் அவர்களால் பேச முடியாது. வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, அதைத் தடவிக்கொள்வார்கள். அதையே உங்கள் வயதுக்காரிகளும் செய்கிறார்கள், லேட்டக்ஸ் ஆணுறையோடு. எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் பலவீனமாகிக் கிழியும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெல் செல்களிலிருந்து எவ்வளவு நீரை இழுக்கும் என்பதற்கு ஆஸ்மொலாலிட்டி என்று ஓர் அளவு இருக்கிறது. அது 380க்குக் கீழே இருந்தால் நல்லது, 1,200ஐத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் ஆலோசனை சொன்னது. கிளிசரின் கூடினால் இந்த எண்ணும் கூடும். கடையில் கிடைக்கிற நாலு ஜெல்லை வாங்கி, இந்த எண் தெரிகிறதா, கிளிசரின் இருக்கிறதா, என்ன விலை, கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் தானியங்கி இயந்திரத்தில் காசு கட்டிவிட்டு வர முடியுமா என்று வரிசையாக எழுதுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஜெல்லைத் தேடாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி. எழுதியதும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா