மாடி வாடகை

கேள்வி: எனக்கு 39 வயது. மனைவி, மகளோடு சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பராமரிப்போடு சேர்த்து மாதம் 25,000 ரூபாய். கைக்கு வரும் சம்பளம் 85,000. திருச்சி நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவில் 60,000-க்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. உறையூரில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். மாடிக்குக் குடிபோனால் வாடகை மிச்சம். குறையும் சம்பளமும் மிச்சமாகும் வாடகையும் சரிக்குச் சரி. இப்போது எப்படியோ சமாளிக்கிறோம். மாடி வாடகை 9,000-ஐயும் அம்மா மாதாமாதம் பாங்குக்குப் போய் என் கணக்கில் கட்டிவிடுகிறார். சென்னையிலேயே இருப்பதா, திருச்சிக்குப் போவதா?

பதில்: தம்பி, சென்னையா சொந்த ஊரா என்று கேட்டுக் கடிதம் வராத மாதமே இல்லை. எல்லாவற்றிலும் அட்வான்ஸ், ஸ்கூல் ஃபீஸ், கோடையில் லாரித் தண்ணீர். உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

அம்மாவின் வயதைக்கூட நீங்கள் எழுதவில்லை. அறுபதைத் தாண்டியிருப்பார். மாடிக்காரர் கொடுத்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணி, பாஸ்புக்கோடு மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு, திருச்சி வெயிலில் போய், சலான் எழுதித் தர யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து நிற்கும் ஒரு பெண்மணிதான் என் கண்ணுக்குத் தெரிகிறார். எதற்காக? 85,000 சம்பாதிக்கும் மகன் மேடவாக்கத்தில் குடியிருப்பதற்காக. இதை ‘எப்படியோ சமாளிக்கிறோம்’ என்று எழுதக் கை கூசவில்லையா?

சரி, திருச்சிக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடிக்காரரைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தானே ஏறுவீர்கள்? அப்போது அந்த 9,000-மே நின்றுபோகும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அம்மா கைக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. இது உங்கள் கணக்கில் எங்கேயாவது இருக்கிறதா?

திருச்சிக்குப் போங்கள். தனியாக இருக்கும் தாயோடு பிள்ளை இருக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மாடியில் சும்மா குடியேறாதீர்கள். மாடிக்காரர் கொடுத்த அதே 9,000-ஐ மாதம் பிறந்ததும் அம்மா கணக்குக்கு அனுப்புங்கள். வீடு அவர் பெயரில் இருந்து, உங்கள் சம்பளத்தில் எச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப் படியும் இருந்தால், பழைய வருமான வரி முறையில் இந்த வாடகைக்கு விலக்குக் கேட்கலாம். ஒப்பந்தம் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அம்மாவின் பான் எண்ணையும் ஆபீஸில் கொடுக்க வேண்டும். பெற்ற தாயிடம் ஒப்பந்தமா என்று தயங்காதீர்கள். வாங்கும்போது இந்தத் தயக்கம் வரவில்லையே.

அப்புறம், உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்கூட இல்லை. மாமியார் வீட்டு மாடியில் வாழப்போவது அவரும்தான். இன்று இரவே உட்கார்ந்து பேசுங்கள்.

வீடு மாற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் அம்மா பாங்குக்குக் கிளம்பும் முன்பே போன் செய்து, போக வேண்டாம் என்று சொல்லுங்கள். “ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா பணம்?” என்பார். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள். கண் டாக்டரிடம் கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள்.