சுவர் அலமாரியின் வெளித்தெரியும் பக்கங்களை முடிப்பது எப்படி?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற மாதம் சமையலறைக்குப் புதிய சுவர் அலமாரிகள் பொருத்தினோம். கதவுகள் ஓக் மர ரேகை கொண்டவை. பெட்டிகளோ வெள்ளை மெலமைன் பலகை. ஜன்னல் ஓரத்திலும் குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்திலும் அந்த வெள்ளைப் பக்கம் அப்படியே தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் அடியில் திருகாணித் தலைகளும் பலகையை அறுத்த இடத்தில் மரத்தூளும் தெரிகின்றன. பொருத்தியவரிடம் கேட்டால், பக்கப் பலகைக்குத் தனிக் காசு என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா? நாங்களே வண்ணம் பூசலாமா, ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: பணத்தைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அவர் கொடுத்த விலைப்புள்ளித் தாளை எடுத்துப் பாருங்கள். பக்கப் பலகை என்று தனி வரி இருந்து, செலவைக் குறைப்பதற்காக நீங்களே அதை நீக்கச் சொல்லியிருந்தால், அவர் இப்போது காசு கேட்பது நியாயமே. அப்படி எந்த வரியும் இல்லாமல், கதவின் நிறத்திலேயே பக்கங்களும் அமைந்த மாதிரிச் சமையலறையைக் காட்டி, அதே போல் செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. மாதிரியைக் காட்டியோ விவரித்தோ விற்கும் பொருள் அந்த மாதிரிக்கும் விவரிப்புக்கும் ஒத்திருக்க வேண்டும் என்று, நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி அவருக்கு எழுத்தில் கேளுங்கள்; வாட்ஸ்அப்பில் எழுதினாலும் போதும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன அடிப்பக்கம்தான் எனக்கு முதல் கவலை. பக்கப் பலகை இல்லாவிட்டால் பார்வைக்குத்தான் குறை. அடியில் விளிம்பு மூடப்படாவிட்டால் அலமாரியே கெட்டுப்போகும். 16 மில்லிமீட்டர் மெலமைன் பலகை என்பது அழுத்திய மரத்தூளின் இரு முகங்களிலும் மெல்லிய உறை ஒட்டியது. அந்த உறை தண்ணீரைத் தடுக்கும், அறுத்த விளிம்போ உறிஞ்சும். முன்பக்க விளிம்புக்குப் பட்டை ஒட்டுபவர்கள் பலர், யார் கண்ணிலும் படாது என்று நினைத்து, பக்கச் சுவர்களின் அடி விளிம்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கெட்டிலின் ஆவியும் சோறு வேகும் ஆவியும் நேரே போய் மோதுவது அந்த இடத்தில்தான். என் வீட்டிலும் இதே கதை நடந்தது: கெட்டில் இருந்த இடத்துக்கு மேலே விளிம்பு ஊறி, அரைத்த மாவு போல் உப்பி, வெள்ளை உறை உதடு பிரிந்தாற்போல் விலகி நின்றது. ஒரு முறை உப்பிய மரத்தூள் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. போதாக்குறைக்கு டர்பனின் கோடை ஈரம் வேறு.

எனவே இன்றிரவே கைப்பேசி விளக்கை அடித்து, அடி விளிம்புகள் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்படும் இடமெல்லாம் மூடப்படாத இடம். புகைபோக்கிக் குழாய்க்காக அறுத்த துளையையும் மறந்துவிடாதீர்கள். இதைச் சரிசெய்யத் தனிக் காசு கொடுக்காதீர்கள்: பொருள் நல்ல தரத்துடனும், வழக்கமான பயனுக்கு ஏற்றதாகவும், நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை கண்டால் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 56ஆம் பிரிவு உங்களுக்கே தருகிறது. உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது.

நான் கேட்கச் சொல்வது விளிம்புப் பட்டை மட்டுமல்ல. வரிசையாக உள்ள பெட்டிகளின் அடி முழுவதற்கும், கதவின் நிறத்திலேயே ஒரே நீளப் பலகையை, நான்கு விளிம்பும் மூடி, கீழிருந்து பொருத்தச் சொல்லுங்கள். திருகாணித் தலைகளும் பெட்டிகளுக்கு இடையிலான கோடுகளும் மறைந்துவிடும். இந்தப் பலகைக்கு அவர் காசு கேட்டால் கொடுக்கலாம். கேட்ட காசுக்கு இது பயன் தரும்.

இனிப் பக்கங்கள். ஜன்னல் ஓரத்தில் பலகையே போடுங்கள், குறுக்கு வழி வேண்டாம். அதன் அகலம் பெட்டியின் ஆழத்தோடு நிற்காமல், கதவின் கனத்தையும் மறைத்து முன்முகத்தோடு சமமாக வர வேண்டும். கதவுக்கும் பலகைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் கதவு உரசும். ரேகை கதவில் மேலிருந்து கீழாக ஓடினால் பக்கத்திலும் அப்படியே ஓட வேண்டும். பலகையை மிச்சப்படுத்துவதற்காகக் குறுக்கே அறுத்துவிடுவார்கள், கவனியுங்கள். திருகாணியைப் பெட்டிக்குள்ளிருந்துதான் முடுக்க வேண்டும். இரண்டு பலகையும் சேர்ந்தால் கனம் 32 மில்லிமீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் திருகாணி சரியாக இருக்கும், 35 மில்லிமீட்டர் போட்டால் முனை வெளியே எட்டிப் பார்க்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்துக்குப் பலகை தேவையா என்பது அந்தப் பெட்டியின் உயரத்தைப் பொறுத்தது. அது அலமாரியின் பெரும்பகுதியை மறைத்துவிட்டால், மேலே தெரியும் துண்டுக்கு வண்ணமோ ஸ்டிக்கரோ போதும். ஸ்டிக்கரை அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள், சூட்டில் ஓரம் சுருண்டு எழும்.

வண்ணம் பூசுவதானால் பொறுமை வேண்டும். தாளித்த எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுகர் சோப்பால் கழுவித் துடைத்து, 220 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும் வரை மெல்லத் தேய்த்து, வழவழப்பான பரப்பைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் பூசிய பிறகே எனாமல் பூச வேண்டும். நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகிறது என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலோர் பிரைமரை விட்டவர்கள். தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் முழுதும் இறுகப் பல நாள் ஆகும். மூடாத மரத்தூள் விளிம்பில் தண்ணீர் கலந்த பெயின்ட்டை நேரே பூசாதீர்கள், அதைக் குடித்தே விளிம்பு உப்பிவிடும். மர ரேகைக் கதவுக்குப் பக்கத்தில் ஓக் நிறத்தில் பெயின்ட் தேடி அலைவதும் வீண். எட்ட நின்றாலே வேற்றுமை தெரியும். சுவரின் நிறத்தைப் பூசிவிடுங்கள், கண்ணை உறுத்தாது.

பொருத்தியவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். முதலில் பொருத்தியவருக்கே எழுத்தில் தெரிவித்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். மீதித் தொகை ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால், அடிப்பலகை பொருத்தி முடித்து, மறுபடியும் விரலால் தடவிப் பார்த்த பிறகு கொடுங்கள். அதுவரை கெட்டிலை மேடையின் முன் ஓரத்துக்கு இழுத்து வைத்துக் கொதிக்க விடுங்கள்.