92 அலகுக்கு 5 கிலோவாட் தேவையா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே 7 பேர்ச்சஸ் காணியில் கட்டித் தரப்பட்ட வீட்டில் கணவர், மாமியார், நான் என மூவர் வசிக்கிறோம். காணி உறுதி இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் மாத மின்பாவனை 92 அலகு. சூழலுக்கும் நல்லது என்பதால், ஆசிரியையான நான் சம்பளத்தின் பேரில் வங்கிக் கடன் பெற்று 5 கிலோவாட் சூரியத் தகடு பொருத்தலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வெயில் நிறைந்த ஊரில் 5 கிலோவாட் தகடு மாதத்துக்குச் சுமார் 500 அலகு தரக்கூடும். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியுமாக இருக்கும் உங்கள் பக்கத்தில் அது குறைந்தாலும், உங்கள் தேவையை விட அது மிகப் பெரியதே. காணி உறுதி கைக்கு வராத வீட்டின் கூரைக்காக, பல ஆண்டுகள் சம்பளத்தில் தவணை கழிபடச் சம்மதிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

முதலில் குளியலறையைப் பாருங்கள். உங்களிடம் 3.5 கிலோவாட் சுடுநீர் ஷவர் இருக்குமானால், ஒருவர் நாளுக்குப் பத்து நிமிடம் குளித்தாலே மாதம் 17 அலகுக்கு மேல் போகும். மூவருக்கும் ஏறக்குறைய 52 அலகு, அதாவது உங்கள் பாவனையில் பாதிக்கு மேல். மாமியாருக்கு ஷவர் இருக்கட்டும், மலைக்குளிரில் முதியவரிடம் சிக்கனம் பேசுவது முறையல்ல. நீங்கள் இருவரும், கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சி விறகு) எரித்துச் சமைக்கும் வழக்கம் இருந்தால், சோறு இறக்கிய அடுப்பின் தணலிலேயே ஒரு வாளி நீரைச் சுடவைத்துக்கொள்ளலாம். புகை போக வழி இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதனால் பாவனை 57 அலகாக இறங்கும். 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே குறைந்த கட்டண வீதம் என்பதால், மின்பட்டியல் தொகை அலகுகளை விட வேகமாகக் குறையும். மேல் கொத்மலை அணை பக்கத்திலிருப்பதால் நம் மின்சாரம் முழுவதும் நீர்மின்சாரம் என்று நினைக்கக் கூடாது. மாலை உச்ச நேரத்தில் அனல்மின் நிலையங்களும் ஓடுகின்றன, சூரியத் தகடோ அந்த நேரத்தில் எதுவும் தராது. ஆகவே மாமியாரின் குளியலும் பகலில் நடந்தால் நல்லது.

தவணைக்கு ஒதுக்க நினைத்த தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். உறுதி கைக்கு வந்ததும், கடைசி மூன்று மாதப் பட்டியல்களுடன் எழுதுங்கள். 1 கிலோவாட் போதுமா என்று அப்போது கணக்கிடலாம்.