வார இறுதிக்கு ஓசூர் செல்லும் குடும்பம் ஓட்டலில் தங்குவதா, அடுக்குமாடி வீட்டிலா?

தருமபுரியிலிருந்து வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓசூரில் தங்க விரும்புவதாகவும், ஓட்டலில் அறை எடுப்பதா, நாள் வாடகைக்குக் கிடைக்கும் அடுக்குமாடி வீட்டை எடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் உடன் வருவதால் வீட்டையே எடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் படங்களைப் பார்த்து மட்டும் அந்த வீட்டை முடிவு செய்யாமல், அடுப்பு, தண்ணீர், லிஃப்ட் ஆகிய மூன்றையும் விசாரித்த பிறகே முன்பணம் கட்டுங்கள். நாங்களும் தருமபுரிக்காரர்கள், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியின் வீட்டில் எல்லோருக்கும் இடம் போதாததால் இப்படித்தான் தங்கி வருகிறோம்.

அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் பெருகி, 2019-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்ட ஊர் ஓசூர் என்பதால், தொழிற்சாலை வேலையாக வந்து சில வாரங்கள் தங்குபவர்களை மனத்தில் வைத்தே இந்த வீடுகள் பலவற்றில் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். ஊர் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பதால், கோடையின் சில வாரங்களைத் தவிர இரவில் ஏ.சி. தேவைப்படாது, அதற்கென்று கூடுதல் வாடகை கேட்டால் கொடுக்க வேண்டாம். மார்கழியில் போவதானால் கீசர் வேலை செய்கிறதா என்று கேட்பதே முக்கியம்.

வீடு எடுப்பதன் முழுப் பயனும் சமையலறையில்தான் இருக்கிறது. என் அம்மாவுக்கு மதியம் ஒரு களி உருண்டையும் கீரைக் கடைசலும் இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை; எந்த ஓட்டலிலும் அவர் பாதி இலையோடு எழுந்துவிடுவார். ஆனால் புதிய வீடுகள் பலவற்றில் கேஸ் அடுப்புக்குப் பதிலாக இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருக்கிறது. நாம் களி கிண்டும் அலுமினியக் குண்டான் அதில் சூடேறாது; அடிப்பாகம் காந்தத்தை ஈர்க்கும் பாத்திரம்தான் வேண்டும். அப்படியே பாத்திரம் கிடைத்தாலும், கண்ணாடிப் பரப்பின் மேல் வைத்துத் துடுப்பால் அழுத்திக் கிண்டுவது ஆபத்தான வேலை. ஆகவே கேஸ் அடுப்பு உள்ள வீடாகப் பாருங்கள். துடுப்பையும் கேழ்வரகு மாவையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

அவரைக்கொட்டைப் பருவமாக இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மாலை சந்தையில் வாங்கி, உரித்து, இரவு முழுக்க ஊறவைத்துவிட்டால், ஞாயிறு காலையில் ஹாலில் தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பிதுக்கிவிடலாம். விரலால் அழுத்தியதும் தோல் கையில் நின்று பருப்பு மட்டும் துள்ளி விழுவதைப் பார்த்த என் மகள், பாட்டியை விட்டு அன்று அசையவில்லை. தனித்தனி அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தங்கும்போது இது நடக்காது.

தண்ணீர் விஷயத்தில் சற்றும் அசட்டையாக இருக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது என்பதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவை. பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக் கறையை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அடுக்குமாடிகளில் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரித் தண்ணீரோதான். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாக ஆக, மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். சமையலறையில் ஆர்.ஓ. கருவி இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சமையலுக்கும் சேர்த்துக் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதையும் கேட்க வேண்டும். ஓடாது என்றால் முதல் மாடிக்கு மேல் எடுக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கம் நாள் வாடகைக்கு விடுவதை அனுமதிக்கிறதா என்பதை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்டு, வாட்ஸ்அப்பில் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை, வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லாததால் காவலாளி எங்களை இரவில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பெரியவர்கள் காருக்குள் உட்கார்ந்திருக்க நேர்ந்தது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. காவலாளி தன் கடமையைத்தான் செய்தார். தவறு தகவல் சொல்லாதவருடையது. கார் நிறுத்தும் இடத்தின் எண்ணையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் யாராவது உங்களோடு தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பது சட்டம்.

சுற்றிப் பார்க்க அதிகம் திட்டமிட வேண்டாம். சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்கு மேலே வரை வாகனம் செல்வதால் பெரியவர்களுக்குச் சிரமமில்லை. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியும் பக்கம்தான். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வரும் நாட்களில் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அருகில் விடாதீர்கள்.

நீங்கள் ஒருவரோ இருவரோ மட்டும் ஓர் இரவுக்குப் போவதாக இருந்தால் இத்தனை விசாரணை தேவையில்லை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் அறையே போதும். குடும்பமாகப் போகும்போது ஞாயிறு மதியச் சாப்பாட்டை அந்த வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்பும்படி, வீட்டைக் காலி செய்யும் நேரத்தை மாலை வரை நீட்டித் தருவார்களா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அடுத்து யாரும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.