80களில் கவனம் கிடைக்காத க்ரைம் த்ரில்லர் எது?

என் பதில், பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980). இளையராஜாவுக்கு இது 100வது படம்.

த்ரில்லர் என்றாலே கொலையாளியைக் கடைசியில்தான் காட்ட வேண்டும் என்றில்லை. இதில் பிரதாப் போத்தன்தான் கொலையாளி என்பது நமக்கு முன்பே தெரியும். ஷோபாவின் பாத்திரத்துக்குத்தான் தெரியாது. பதற்றம் பிறப்பதே அந்த இடைவெளியில்தான். அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடியில் நிற்கிறீர்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்தி ஓடுகிறது, வளைவில் கார் வருவது உங்களுக்கு மட்டும் தெரிகிறது. அந்த நொடியில் வயிற்றைப் பிசையுமே, அதைத்தான் பாலு மகேந்திரா படம் முழுக்க நீட்டுகிறார். ஒளிப்பதிவும் அவரே. அவருக்குப் பிடித்த இயற்கை வெளிச்சத்தில் கதையில் வரும் மலையூரான ஊட்டி அழகாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அப்புறம் அந்த கொலையாளியை அவர் வெறும் அரக்கனாக விட்டுவிடவில்லை. சிறுவயதில் வீட்டில் பட்ட காயம் அவனை எப்படித் திரித்தது என்றும் காட்டுகிறார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

இங்கே சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலி கேட்டு வளர்ந்த பலரும் இந்தப் படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'யைக் காதலர்கள் பாட்டு என்றே நினைக்கிறார்கள். படத்தில் அது, தான் கடத்தி வந்த பெண்ணிடம் கிதாரோடு அவன் பாடுவது.